தம்பி வாங்கிய மன்னிப்பு

உக்காருங்க அண்ணாச்சி, உக்காருங்க. பையை மடியில வச்சுக் கஷ்டப்படாதீய, காலுக்குக் கீழ தள்ளிருங்க. அங்க ஏற்கெனவே ஒரு பை கெடக்கும், அது என்னோடதுதான். மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது. உள்ள புது வேட்டி சட்டை இருக்கு, அவ்வளவுதான். என் தம்பிக்கு. இன்னைக்கி அவனுக்கு விடுதலை. பாளையங்கோட்டையில இருந்து.

என்ன, சட்டுனு அந்தப் பக்கம் திரும்பிட்டீய? ஜெயிலுன்னதும் எல்லாரும் இப்படித்தான் திரும்பிக்கிடுதாவ. பயப்படாதீய. என் தம்பி மாதிரி ஒரு தங்கமான பயலை நீங்க பாத்திருக்க மாட்டீய. அவன் பேரு வெள்ளப்பாண்டி. என் பேரு துரைப்பாண்டி. சுரண்டையில பாத்திர வாடகைக் கடை வச்சிருக்கேன். கல்யாணம், காதுகுத்து, பால்காய்ப்பு எதுனாலும் அண்டா, போணி, சேரு, ஷாமியானா எல்லாம் நம்ம கடைதான். உங்க வீட்டுல ஏதும் விசேஷம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, சுத்தமா வெளக்கி அனுப்புவேன். மத்தவங்க குடுக்கிற அண்டாவுல போன விசேஷத்து சாம்பார் வாசம் அடிக்கும்.

தம்பி எங்கன்னுதான கேக்கீய? அதான் சங்கடமே. அவன் என்கூட இல்ல. போற வழியில செவ்வந்திக்குளம் விலக்கு இருக்குல்லா, அங்க நிக்கான். பஸ் ஒரு நிமிசம் நிக்கும். நான் ஜன்னல் வழியா சத்தம் குடுப்பேன், அவன் ஏறிக்கிடுவான், போயிருவோம். நான் எறங்க வேண்டிய அவசியமே இல்ல.

அவன் ஏன் அங்க போனான்னா, அது ஒரு கதை. இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு, சொல்லுதேன். ஒளிச்சு என்ன ஆகப்போகுது? நீங்க யாரோ, நான் யாரோ. வண்டியை ஓட்டினது நான். உள்ள போனது அவன்.

அப்படிப் பாக்காதீய. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் பாருங்க.

ஆறு வருசம் ஆச்சு. வைகாசி மாசம், நல்ல முகூர்த்த சமயம். ஆலங்குளம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குச் சாமான் குடுத்திருந்தோம். சாயங்காலம் எடுக்கப் போகணும், டிரைவர் வரல. சரி, நாமளே போவோம்னு டெம்போவை எடுத்துட்டுப் போனேன். அங்க பொண்ணோட தாய்மாமன் ஒருத்தர், வாங்க வாங்கன்னு பந்தலுக்குப் பின்னால கூட்டிட்டுப் போயிட்டாரு. விசேஷ வீட்டுல வேண்டாம்னு சொல்ல முடியுமா? அவரு மனசு நோகும்லா. கொஞ்சம்தான். பாதிப் பாட்டிலை எனக்குன்னு குடுத்தும் விட்டாரு, நல்ல மனுசன்.

திரும்பி வரும்போது பொழுது சாயிற நேரம். இந்த ரோடு மேற்காம போகுது பாத்தீயளா? வெயிலு கண்ணுக்கு நேரா அடிக்கும். குடிச்சதுனாலன்னு சொல்லுவாவ. இல்ல அண்ணாச்சி, வெயிலு. நீங்களே ஒருநாள் அஞ்சரை மணிக்கு இந்த ரோட்டுல மேற்க பாத்து வண்டி ஓட்டிப் பாருங்க, தெரியும். ஒரு புல்லுக்கட்டுதான் எனக்குத் தெரிஞ்சுது. அதுக்குக் கீழ சைக்கிள் இருக்கு, சைக்கிள் மேல ஆளு இருக்காருன்னு நான் என்னத்தக் கண்டேன்?

ஓடிட்டேன். யாரா இருந்தாலும் ஓடத்தான் செய்வாவ. நின்னா ஊரு கூடி அடிச்சே கொன்னுருவாவ. ரோட்டுல அப்ப யாரும் இல்லதான். ஆனா வந்திருவாவல்லா? வண்டியைப் போட்டுட்டு, வயக்காட்டு வழியா நடந்து, ஒரு மினி பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்கு வந்து சேரும்போது வெளக்கு வச்சாச்சு. அதுக்குள்ள சேதி வந்திருச்சு. ஆளு போயாச்சு. பேரு கோமதிநாயகம். ரெண்டு மாடு வச்சுப் பால் ஊத்துறவரு.

எங்க பெரிய மாமா லாரி வச்சிருக்காரு. இந்த மாதிரி விசயத்துல கரை கண்டவரு. வந்து உக்காந்ததும் மொத வார்த்தை, "யாரை ஆஜர் பண்ணப் போறோம்?"ன்னாரு. உங்களுக்கு வண்டி இருக்கா? இல்லியா? அப்பன்னா தெரிய ஞாயமில்ல. வண்டி வச்சிருக்கவங்களுக்குள்ள இது ஒரு வழக்கம். ஓட்டுனவன் ஒருத்தனா இருப்பான், ஸ்டேஷன்ல போயி நான்தான் ஓட்டுனேன்னு நிக்கிறவன் வேற ஒருத்தனா இருப்பான். லைசென்ஸ் இருக்கணும், பொண்டாட்டி பிள்ளை இருக்கக் கூடாது. என் வீட்டுக்காரி அப்ப எட்டு மாசப் புள்ளத்தாச்சி. தம்பிக்கு இருபத்திமூணு வயசு. கோயம்புத்தூர்ல ஒரு மில்லுல வேலைக்குச் சொல்லியிருந்தாவ, அடுத்த வாரம் கெளம்பணும். "ரெண்டு மாசம்ல. அபராதத்தோட முடிஞ்சாலும் முடிஞ்சிரும். வந்ததும் மில்லுக்குப் போ"ன்னாரு மாமா.

அவன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். கையில சோறு. என்னை ஒரு பார்வை பாத்தான். "சரிண்ணே"ன்னான். மிச்சத்தைச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வச்சிட்டு, "எப்ப போகணும்?"னு கேட்டான். சொன்னேம்லா, தங்கம்னு.

இங்கதான் அண்ணாச்சி என் மூளை வேலை செஞ்சுது. மாமாவுக்கே தோணல, எனக்குத் தோணுச்சு. வண்டியில பாட்டில் கெடக்கு. போலீஸ்காரங்க அதைப் பாக்காம இருப்பாவளா? ஓட்டுனவன்னு ஒருத்தன் வந்து நிக்கான், வாயில வாடையே இல்லன்னா நம்புவாவளா? அதனால, பய ரெண்டு கிளாஸ் குடிச்சிட்டுப் போனாத்தான் பொருத்தமா இருக்கும்னு சொன்னேன். மாமா என் முதுகுல தட்டி, "ஏல, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்"ன்னாரு.

அவன் அதுவரைக்கும் ஒரு சொட்டு குடிச்சதில்ல. எங்க அம்மா கசாயம் குடுப்பாவல்லா, அது மாதிரி மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சான். மொதக் கிளாஸ் முடிஞ்சதும் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "போதுமாண்ணே?"ன்னான். "இன்னொண்ணு குடில"ன்னேன்.

அதான் வெனையாப் போச்சு. ஸ்டேஷன்ல இருந்து நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ரத்தத்தை எடுத்துட்டாவ. சும்மா மோதி ஆளு போனா ஒரு சட்டமாம், குடிச்சிட்டு மோதி, வண்டியை விட்டுட்டு ஓடி, ஆளு போனா வேற சட்டமாம். வக்கீல் ரிப்போர்ட்டைப் பாத்துட்டுத் தலையில கையை வச்சாரு. "யாருய்யா இவனுக்கு ஊத்திக் குடுத்தது? இது மட்டும் இல்லன்னா கேஸை எவ்வளவோ சின்னதாக்கி இருப்பேனே"ன்னாரு. மாமா என்னையப் பாத்தாரு. நான் மேல ஃபேனைப் பாத்தேன். அது நல்லாத்தான் சுத்திக்கிட்டு இருந்துச்சு.

ஏழு வருசம் போட்டாவ. நன்னடத்தைக்குக் கழிச்சு இப்ப விட்டிருக்காவ.

ஆனா ஒண்ணு சொல்லுதேன் அண்ணாச்சி. நான் அவனை விட்டுக் குடுக்கல. மாசாமாசம் மனுப் போட்டுப் பாத்துருவேன். மனுன்னா, உள்ள இருக்கவங்களைப் போயிப் பாக்கிறது, அங்க அப்படித்தான் சொல்லுவாவ. மழையோ வெயிலோ, ஒரு மாசம் தவறல. வாசல்ல நிக்கிற காவலருக்கெல்லாம் என்னைத் தெரியும். "என்ன பாத்திரக்கடை, முறுக்கு கொண்டாந்தியா?"ன்னு கேப்பாவ. அதுல ஒருத்தர் மக கல்யாணத்துக்கு நம்ம கடையில இருந்துதான் அண்டா போச்சு.

உள்ள ஒண்ணும் அப்படிக் கொடுமை இல்ல. நாம நெனைக்கிற மாதிரி கல்லு ஒடைக்கிறதெல்லாம் கெடையாது. மொத வருசம் தறியில போட்டாவ. அப்புறம் பேக்கரியில. இப்ப அவன் பன்னு போட்டான்னா அப்படி இருக்கும், பஞ்சு கணக்கா. காலையில நாலரைக்கு எந்திரிச்சு மாவு பெசையணுமாம். வீட்டுல இருந்தப்ப எட்டு மணி வரைக்கும் தூங்குவான். ஒரு தொழிலு கத்துக்கிட்டான் பாருங்க. மில்லுக்குப் போயிருந்தா இது வந்திருக்குமா? நான் அவன்கிட்டயே இதைச் சொன்னேன். சிரிச்சான்.

மனு பாக்கிற எடம் இருக்கே, அதான் ஒரு கூத்து. நடுவுல கம்பி வலை. இந்தப் பக்கம் முப்பது பேரு, அந்தப் பக்கம் முப்பது பேரு. எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாவ. ஒருத்தி "வக்கீல் வரமாட்டேங்கான்"னு கத்துவா, ஒருத்தர் "கெணத்துல தண்ணி வந்திருச்சு"ன்னு கத்துவாரு, ஒரு கெழவனாரு பேசாம அழுதுக்கிட்டு நிப்பாரு. ஒவ்வொரு மாசமும் பஸ்ஸுல போகும்போது ஒண்ணு யோசிச்சுக்கிட்டே போவேன். இன்னைக்கிச் சொல்லிரணும், "என்னை மன்னிச்சிருல வெள்ள"ன்னு. ஒரு வார்த்தைதான? ஆனா அந்தச் சத்தத்துல அதை எப்படி அண்ணாச்சி கத்துறது? பக்கத்துல நிக்கவன் திரும்பிப் பாக்க மாட்டானா? அதனால "சாப்டியால?"ன்னு கத்துவேன். அவன் "சாப்டேண்ணே"ன்னு கத்துவான். நேரம் முடிஞ்சிரும். எல்லா மாசமும் இதேதான் பேசியிருக்கோம்.

அவன் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேப்பான். அதை மட்டும் அந்தக் கூச்சல்லயும் எனக்கு நல்லாக் கேக்கும். "கோமதிநாயகம் வீட்டுக்குப் போனியாண்ணே? அவிய எப்படி இருக்காவ?" நான் "போனேன், போனேன், நல்லா இருக்காவ"ன்னு சொல்லிருவேன். போகல. எப்படிப் போக? போயி என்னன்னு சொல்ல? ஆனா போனேன்னு சொன்னா அவனுக்கு ஒரு நிம்மதி பாருங்க. தம்பி நிம்மதிக்காகப் பொய் சொல்லுறது ஒரு பொய்யா?

எனக்கு ஒரு கொறையும் இல்ல அண்ணாச்சி. சாப்பாடு, தூக்கம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ராத்திரி கத்துதேன்னு என் வீட்டுக்காரி சொல்லுவா, அவளுக்குக் காது அவ்வளவு சரியில்ல. வீட்டுல ரெண்டு மாடு நின்னுச்சு, வித்துட்டேன். புல்லுக்கட்டு வந்து வாசல்ல எறங்கும்லா, அது எனக்குச் சேரல. வண்டி ஓட்டுறதை விட்டுட்டேன். இந்த ரோட்டுலயும் வாரதில்ல. பாளையங்கோட்டைக்குப் போகணும்னா கடையம், அம்பாசமுத்திரம்னு சுத்தித்தான் போவேன். ஒரு மணி நேரம் கூட ஆகும். அந்தப் பக்கம் காத்து நல்லா இருக்கும்.

இன்னைக்கும் அப்படித்தான் சுத்திப் போனேன். போயிச் சேர மணி பத்தாயிருச்சு. வாசல்ல இருந்தவரு, "என்ன பாத்திரக்கடை, உன் தம்பி எட்டரைக்கே போயிட்டானே"ங்காரு. எங்க போயிருப்பான்? கையில ஃபோனும் கெடையாது. டீக்கடையில உக்காந்திருக்கானான்னு ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் தேடுனேன். பதினோரு மணி வாக்குல ஒரு தெரியாத நம்பர்ல இருந்து ஃபோன் வருது. எடுத்தா, அவன்.

"அண்ணே, நான் செவ்வந்திக்குளத்துல இருக்கேன். கோமதிநாயகம் அண்ணாச்சி வீட்டுல. அக்கா ஃபோன்ல இருந்துதான் பேசுதேன். வெளிய வந்ததும் மொத வேலையா இங்க வரணும்னு நெனச்சிருந்தேன்"ங்கான். கோமதிநாயகம் பொண்டாட்டி இவனுக்கு அக்காவாம்!

ஏல, அங்க என்னல உனக்கு வேலைன்னேன். கால்ல விழுந்தானாம். அந்தம்மா மொதல்ல கதவையே சாத்திட்டாவளாம். இவன் வாசல்லயே உக்காந்துட்டானாம். அப்புறம் அந்தம்மா வெளிய வந்து, அழுது, ஏசி, இவன் தலைமுடியைப் பிடிச்சு ஆட்டி, கடைசியில உள்ள கூட்டிட்டுப் போயி எலையைப் போட்டுச் சோறு வச்சிருக்காவ. "அண்ணே, அக்கா மன்னிச்சிட்டாவ. நல்லா இருன்னு சொல்லிட்டாவ"ன்னு சொல்லுதான். கொரலு எப்படி இருக்குங்கீய? அவன் சின்னப் பிள்ளையில பேசுன கொரலு. ஆறு வருசமா நான் கேக்காத கொரலு.

நியாயமா எனக்குச் சந்தோசம் வரணும்லா? வயிறு எரிஞ்சுது அண்ணாச்சி. உள்ளதைச் சொல்லுதேன். மன்னிச்சிட்டாவளாம்! யாரை? இவனை எதுக்கு மன்னிக்கணும்? இவன் என்ன செஞ்சான்? பழியைத்தான் எடுத்துக்கிட்டான், சரி, நாங்கதான் குடுத்தோம். மன்னிப்பையும் இவனே வாங்கிட்டான்னா எப்படி? அது எனக்கு உள்ளதுல்லா? இனி நான் போயிக் கேட்டா அந்தம்மா எங்க இருந்து எடுத்துக் குடுப்பாவ? ஒரு புருசனுக்கு எத்தனை தடவை மன்னிக்க முடியும்?

இவனுக்கு என்ன தெரியும்? இவன் அந்த மனுசனைப் பாத்தானா? அவரு கையை நீட்டினதைப் பாத்தானா? நான்லா பாத்தேன்.

சொல்லலியோ முன்னாடி?

உசுரு இருந்துச்சு அண்ணாச்சி. புல்லுக்குள்ள இருந்து கையை நீட்டி, தண்ணின்னாரு. தெளிவாத்தான் கேட்டுச்சு. வண்டியில ரெண்டு கேன் தண்ணி இருந்துச்சு, கல்யாண வீட்டுல மிஞ்சினது. சீல் கூட ஒடைக்கல. குடுத்துட்டு ஓடியிருக்கலாம். ரெண்டு நிமிசம்கூட ஆயிருக்காது. இதை நான் மாமாகிட்டச் சொல்லல, வக்கீல்கிட்டச் சொல்லல, என் பொண்டாட்டிகிட்டச் சொல்லல. அந்தப் பயகிட்டயும் சொல்லல. உங்ககிட்ட ஏன் சொன்னேன்னு தெரியல.

வெயிலு இல்ல அண்ணாச்சி. நான் குடிச்சிருந்தேன்.

 

இந்தா, பாலம் வந்திருச்சு. இதுக்கு அடுத்த நிறுத்தம்தான். என் திட்டம் என்னன்னா, அவன் ஏறினதும் ஊருக்குப் போயிருவோம். ரெண்டு நாள் கழிச்சு மெதுவா உக்காத்தி வச்சு அவன்கிட்டச் சொல்லணும், இனி அந்த வீட்டுப் பக்கம் போகாதல, முடிஞ்சது முடிஞ்சு போச்சுன்னு. பேக்கரி ஒண்ணு வச்சுக் குடுக்கலாம்னு இருக்கேன். பேரு கூட யோசிச்சாச்சு.

அந்தா நிக்கான். கோடு போட்ட சட்டை. எவ்வளவு மெலிஞ்சிட்டான் பாத்தீயளா? வலைக்கு அந்தப் பக்கம் நிக்கும்போது எனக்கு இது தெரியல. பக்கத்துல யாரு? ஒரு அம்மா நிக்காவ. ஒரு பொம்பளைப் பிள்ளையும் நிக்கி. அவியளாத்தான் இருக்கணும். வழியனுப்ப வந்திருக்காவ. புருசனைக் கொன்னவன்னு நெனச்சுக்கிட்டு இருக்கவனை, பஸ் ஏத்திவிட வந்திருக்காவ அண்ணாச்சி.

லேய், வெள்ள! இங்க! முன்னால ஏறுல, சீக்கிரம்!

ஐயோ, அந்தம்மா ஜன்னல் பக்கம் வாராவ. என்னம்மா? ஆமாம்மா, அண்ணன்தான். ஆமா. மாசாமாசம் போனேன். இல்லம்மா, அதெல்லாம் ஒண்ணுமில்ல. அது என் கடமைலா.

கேட்டீயளா அண்ணாச்சி? "உங்களை மாதிரி ஒரு அண்ணன் யாருக்கு வாய்க்கும்"ங்காவ. கும்பிடுதாவ. என்னையப் பாத்துக் கையெடுத்துக் கும்பிடுதாவ.

கண்டக்டர், விசிலை ஊதாதீய! ஒரு நிமிசம்! காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க அண்ணாச்சி. நான் எறங்கணும்.

ஏறிட்டியால? வா. என் எடத்துல உக்காரு. உக்காருன்னா உக்காருல, எதிர்க்கேள்வி கேக்காத. இந்த அண்ணாச்சி நல்ல மனுசன், ஒண்ணும் கேக்க மாட்டாரு. அண்ணாச்சி, சுரண்டை வந்ததும் இவனை எறக்கி விட்டிருங்க. ஊரு ரொம்ப மாறிப் போச்சு, இவனுக்கு அடையாளம் தெரியாது.

வீட்டுல மதினி வாசல்ல நிப்பா. நான் எங்கன்னு கேட்டா, செவ்வந்திக்குளத்துல எறங்கிட்டேன்னு சொல்லு. ஏன்னு கேட்டா உள்ளதைச் சொல்லிரு. இனிமே நீ எனக்காக எதையும் மறைக்க வேண்டாம்.

கையை விடுல. அழாத. அந்தம்மா நிக்காவ பாரு. நான் போயி, ஓட்டினது நான்தான்னு சொல்லணும். அவரு தண்ணி கேட்டாருன்னு சொல்லணும். அவிய ஏசினா நின்னு கேட்டுக்கிடுதேன், அடிச்சா வாங்கிக்கிடுதேன், போலீஸைக் கூப்பிட்டா அவிய வாசல்லயே உக்காந்திருக்கேன்.

எப்ப வருவேன்னு எனக்குத் தெரியாதுல. நீ வீட்டுக்குப் போ.